ராகேல் எழுதிய இருபது பிரசவங்கள்

ராகேல் மூன்று தடவை பரீட்சையில் தோற்றாள். மூன்று தடவை தோற்றவளுக்கு நாலாவது தடவை கிடையாது என்பது எங்கள் மருத்துவச்சி வகுப்பின் விதி. "தெற்கேயிருந்து வருகிற பெண்களுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது, போதாததற்குப் பொய் வேறு எழுதுவார்கள்" என்று ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த வயசில், ஒரு கண் சரியாகத் தெரியாத நிலையில், உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஸ்ரீகண்டன். கரமனை அக்ரஹாரத்துக்காரன். திருவனந்தபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோடு சேர்ந்து நடந்த மருத்துவச்சி வகுப்பில் பத்தொன்பது வருஷம் ரைட்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே இன்றைக்கும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. யார் வகுப்புக்கு வந்தாள், யார் வரவில்லை, யார் எத்தனை பிரசவம் பார்த்தாள், யார் பரீட்சைக்கு உட்காரலாம், எல்லாம் என் பேனா வழியாகத்தான் மேலே போகும். முத்து முத்தான கையெழுத்து என்று எனக்கு ஒரு பெயரும் உண்டு.

ராகேல் வந்தது கொல்லவருஷம் 1109 சிங்கமாசம். இங்கிலீஷ் கணக்கில் 1933 ஆகஸ்ட். இருபத்திரண்டு வயசு. கையில் ஒரு தகரப்பெட்டி, மிஷன் துரைசானி கொடுத்த ஒரு கடிதம், கூடவே அவள் அப்பா யோசுவா. பாறசாலைக்கும் அப்பால் ஒரு சின்னச் சபையில் அவர் உபதேசியார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் கக்கத்தில் வேதபுஸ்தகமுமாக என் மேஜைக்கு முன்னால் நின்று, பெண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"சாரே, எனக்க மோளுக்கு படிப்பு கொஞ்சம் கொறவுதான். ஆனா பொய் பறையத் தெரியாது. அது மட்டும் நான் ஒறப்பா சொல்லுவேன்."

நான் அதற்கெல்லாம் பாரத்தில் கட்டம் இல்லை என்று சொல்லி, வயசையும் ஊரையும் எழுதிக்கொண்டேன். அப்படிப்பட்ட மனுஷன் நான். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைச் 'சாமி' என்று கூப்பிடுவார்கள். ராகேல் மட்டும் முதல் நாளிலிருந்தே 'சார்' என்றாள். கர்த்தரைத் தவிர வேறு சாமி இல்லை என்று வளர்ந்த பெண். எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. வித்துராவுக்கு மேலே போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பூராவும் தமிழ் ஜனங்கள். அங்கே தமிழ் பேசுகிற, பாஸான மருத்துவச்சி ஒருத்தி வேண்டும் என்று தோட்டத்தார் மிஷனுக்கு எழுதியிருந்தார்கள். ராகேல் பரீட்சை தேறிவிட்டால் அந்த இடம் அவளுக்குத்தான்.

வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். ஏழு பேர் ஊர்க்காரிகள், ஐந்து பேர் ஹாஸ்டலில் தங்கியவர்கள். ஊர்க்காரிகளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணனோ அப்பாவோ குடையோடு வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். குடும்பத்துப் பெண்கள் இராத்திரி ஆஸ்பத்திரியில் தங்குவதாவது! ஹாஸ்டல் பெண்களுக்குக் குடும்பம் இல்லையோ என்று யாரும் கேட்கவில்லை. ஆக, இராத்திரி வேலை முழுவதும் அந்த ஐந்து பேர் தலையில் விழுந்தது. குழந்தைகள் ஆபீஸ் நேரம் பார்த்துப் பிறப்பதில்லையே. கிட்டத்தட்டப் பாதி நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் பிறக்கும்.

இராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு, துணி அலசி, பாத்திரம் காய்ச்சி வைத்துவிட்டு, காலை ஏழரைக்கு வகுப்பில் வந்து உட்கார வேண்டும். பாடம் இங்கிலீஷில். எடுப்பவர் லேடி டாக்டர் சுசீலாபாய். அவர்தான் வகுப்புக்குத் தலைவி. அவரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்தான், தமிழ் தேனாகப் பேசுவார், ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் வராது. விதி அப்படி. ராகேல் மூன்றாவது பெஞ்சில் முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் தலை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஸ்ரீகண்டன், தூங்கினவங்களுக்கு அரை நாள் ஆப்சென்ட் போடுங்க" என்றார் சுசீலாபாய்.

போட்டேன். இராத்திரி வேலைக்கு ஆஜர் புத்தகத்தில் கட்டம் கிடையாது; காலைத் தூக்கத்துக்கு மட்டும் இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கி, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்த ஊர்க்காரிகள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். ராகேல் அவர்களிடம் நோட்டு இரவல் வாங்கி, இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி நெட்டுருப் போட்டாள்.

படிப்பில் இப்படி என்றால், வேலையில் வேறு. வார்டு ஆயா உலகம்மை, முப்பது வருஷம் பிரசவம் பார்த்துப் பழுத்தவள், ஒருநாள் என் மேஜைப் பக்கம் வந்து, "சாமி, பன்னெண்டு குட்டிகள்ல பிரசவம் பாக்கத் தெரிஞ்சது அந்த ஒசரமான பிள்ளைக்கு மட்டும்தான். மத்தது எல்லாம் கோலம் போடத்தான் லாயக்கு" என்றாள். கஷ்டமான கேஸ் வந்தால் மேட்ரனே ராகேலைக் கூப்பிட்டு அனுப்புவாள். ஆனால் உலகம்மை சொல்வதற்கும் மேட்ரன் கூப்பிடுவதற்கும் மார்க்கு கிடையாது.

மார்க்கு இருந்தது கேஸ் புத்தகத்துக்கு. ஒவ்வொரு மாணவியும் வருஷத்துக்குள் இருபது பிரசவமாவது தானே பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். தோற்றால் அடுத்த வருஷம் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பெண்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கற்றபடி மலையாள மாசம், தேதி போட்டு எழுதுவார்கள். பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது புரியாது. அதனால் மீனமாசக் கடைசியில் அத்தனை நோட்டுகளையும் நான் வாங்கி, ஒவ்வொரு தேதியையும் இங்கிலீஷ் தேதியாக மாற்றி, அச்சடித்த பாரத்தில் நல்ல பிரதி எழுதுவேன். அதில் தாயின் பெயர், தேதி, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். மணிக்குக் கட்டம் இல்லை. பரீட்சகர்கள் அதை வார்டு ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

முதல் வருஷம் ராகேல் இருபது பிரசவம் எழுதியிருந்தாள். பதினொன்றுதான் ஒத்துவந்தது என்று போர்டில் போட்டார்கள். ஏன் ஒத்துவரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், கேட்கவும் முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டது. முன்பு சில பெண்கள் ஆயாமாருக்கு வெற்றிலைக்குக் காசு கொடுத்து, பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக எழுதினது உண்டு. இவளும் அந்த ஜாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது வருஷம் எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க்கு. கேஸ் இருபத்திநாலு எழுதினாள், ஒத்தது பதிமூன்று. மறுபடி பெயில். இந்தத் தடவை சுசீலாபாய் அவள் அப்பாவுக்கே கடிதம் எழுதிவிட்டார்.

யோசுவா பஸ் ஏறி வந்தார். என் அறையில்தான் அந்த விசாரணை நடந்தது, வேறு இடம் இல்லை. அவர் உட்காரவில்லை.

"மக்களே, நீ பாக்காத பேறை பாத்தேன்னு எழுதினியா?"

"இல்ல அப்பா."

"ஒண்ணாவது?"

"ஒண்ணு கூட இல்ல. எல்லாம் எனக்க கையால எடுத்த பிள்ளையள்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சாரே, ஒங்க புஸ்தகம் என்ன பறையுது?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ரிஜிஸ்டரோட ஒத்து வரலை. பதினொரு கேஸில் இவள் எழுதின தேதிக்கு அந்தக் குழந்தைகள் பொறக்கவே இல்லை. மறுநாள்தான் பொறந்திருக்கு. பொறக்காத குழந்தையை முந்தின நாளே பொறந்துதுன்னு எழுதினால் அதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கோ" என்றேன். எத்தனை தெளிவாகச் சொன்னேன் பாருங்கள்!

கிழவர் மகளிடம், "கவர்மெண்டு புஸ்தகம் பொய் பறையுமா மக்களே? தப்புன்னா ஒத்துக்கோ. கர்த்தர் மன்னிப்பாரு" என்றார். அவள் அப்போது அழவில்லை. "நான் பொய் எழுதல்ல அப்பா" என்று சொன்னதையே சொன்னாள். அவர் நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வாசல்படியில் இறங்கும்போது அவர் வேதபுஸ்தகத்தைக் கக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே போனார்.

மூன்றாவது வருஷம் அவள் வெறிபிடித்தவளாக வேலை செய்தாள். மற்றப் பெண்களின் இராத்திரி முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். உடம்பு பாதியாகிவிட்டது. "எதுக்கு இந்தப் பாடு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "வேலை கிடைக்காட்டாலும் போட்டும் சார். அப்பா நம்பணும்" என்றாள்.

அந்த வருஷம் கும்பமாசம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை இராத்திரி, என் பெண் அனந்தலக்ஷ்மிக்குத் தலைப்பிரசவம். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். வலி எடுத்து முழுசாக ஒரு நாள் ஆகியும் ஒன்றும் நடக்காமல் போகவே, வேறு வழியில்லாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். குழந்தை பிறந்தது மூன்றேகால் மணிக்கு. எடுத்தது ராகேல். என் மனைவி வாலாம்பாள் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவள், அவளே வீட்டுக்கு வந்து ஸ்நானம் பண்ணிவிட்டு, "என்ன பொறுமை அந்தப் பொண்ணுக்கு! எங்கம்மா கூட என்னை அப்படித் தாங்கினதில்லை கேட்டேளா" என்றாள்.

மீனமாசக் கடைசியில் வழக்கம்போல் நோட்டுகளைப் பிரதி எடுத்தேன். ராகேல் முப்பத்தொரு பிரசவம் எழுதியிருந்தாள். அதில் என் பெண்ணின் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். கும்பம் பன்னிரண்டு, இங்கிலீஷில் பிப்ரவரி இருபத்திநாலு, ஆண் குழந்தை. ஒரு சந்தோஷத்தோடு எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இடவமாசம் போர்டில் போட்டார்கள். ராகேல்: எழுதியது முப்பத்தொன்று, ஒத்தது பதினேழு. தோல்வி. மூன்றாவது தடவை. ஒரு வாரத்துக்குள் ஹாஸ்டலைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவையும் நானே எழுதினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பேரனுக்கு அம்மை குத்துவதற்காக ஆஸ்பத்திரியில் பிறப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாலாம்பாள் அதை வாங்கி, மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் குதித்தாள்.

"எந்தொரு கூத்து இது! திங்கட்கிழமை பொறந்த கொழந்தையைச் செவ்வாய்க்கிழமைன்னு எழுதிக் கொடுத்திருக்கா. செவ்வாயாம், செவ்வாய்! ஜாதகம் என்னத்துக்கு ஆகும்? போய் மாத்திண்டு வாங்கோ."

எனக்கும் கோபம்தான். திரும்பிப் போய் வார்டு சிஸ்டரிடம் சண்டை பிடித்தேன். அவள் மலையாளப் பெண், சிரித்தாள். "ஸ்வாமி, ராத்திரி பன்னெண்டு அடிச்சா இங்கிலீஷ் தேதி மாறும். மூணேகால் மணி இருபத்தஞ்சாம் தேதியாணு. இவிடே அதாணு ரூல்."

நான் சண்டையை நிறுத்திவிட்டேன். எங்களுக்கு நாள் மாறுவது சூரியன் உதிக்கும்போது. பின்னிரவு மூன்று மணி என்றாலும் அது முந்தின நாள் இராத்திரிதான். பஞ்சாங்கம் பார்க்கிற அக்ரஹாரத்திலும் அப்படித்தான், தெற்கே பனங்காட்டில் வளர்ந்தவர்கள் வாயிலும் அப்படித்தான். ராகேல் வேதக்காரி, ஆனாலும் இருட்டு விடியாமல் அவளுக்கும் மறுநாள் கிடையாது. அவள் கும்பம் பன்னிரண்டு என்று எழுதினாள். நான் அதை அப்படியே இருபத்திநாலு என்று மாற்றினேன். வார்டு ரிஜிஸ்டரில் இருபத்தைந்து. ஆகவே பரீட்சகர்களின் கணக்கில் என் பேரன் பொய்க் கேஸ். எங்கள் வீட்டுக் குழந்தை, நான் கையில் வாங்கின குழந்தை, பொய்யாம்!

பழைய பிரதிகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். வார்டு ரிஜிஸ்டரை இங்கிலீஷ் தேதிக்கு மாற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இந்தத் தொல்லையே இல்லை. அந்த நாலு வருஷத்தில் கேஸ் ஒத்துவராமல் தோற்ற பெண்கள் ராகேலோடு ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஹாஸ்டல்காரிகள். பரீட்சகர்கள் அடித்த கேஸ் ஒவ்வொன்றும் நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்த குழந்தை. அதிகமாகக் கண்விழித்தவள் அதிகமாகப் பொய்க்காரி ஆகியிருந்தாள். "ஹாஸ்டல் மாணவிகளின் தரம் குறைவு, தெற்குப் பகுதிப் பள்ளிக்கூடங்களே காரணம்" என்று வருஷா வருஷம் ரிப்போர்ட் போயிருந்தது. அதையும் நான்தான் அழகாக எழுதியிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என் மேஜையில் இருந்தது.

மறுநாள் காலையில் சுசீலாபாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டரையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கெட்ட மனுஷி அல்ல அவர்.

"உட்காருங்க ஸ்ரீகண்டன்" என்றார். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். "ஒவ்வொரு பிரதியிலும் கீழே என் கையெழுத்து இருக்கு. இப்போ ஒருத்திக்காக மேலே எழுதினா, நாலு வருஷத்தையும் கிளறுவாங்க. ஒன்பது பேருக்கும் பதில் சொல்லணும். வகுப்பையே மூடிடுவாங்க. உங்களுக்குப் பென்ஷனுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"ரெண்டு வருஷம், டாக்டர்."

"எனக்கு ஆறு." ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. அடுத்த வருஷத்திலேர்ந்து பிள்ளைகளை இங்கிலீஷ் தேதியே எழுதச் சொல்லுங்க. மணியையும் எழுதட்டும். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

சரி என்று எழுந்து வந்தேன். மிரட்டினார், பயந்தேன் என்று சொன்னால் அது முழுப் பொய். அவர் அப்படிச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்துதான் போனேன். அதற்காகவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராகேல் ஊருக்குப் போன அன்று பழவங்காடிப் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். கணபதி கோவிலுக்கு வந்தவன் மாதிரி அந்தப் பக்கம் நடந்தேன். பேரனின் பிறப்புச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அவள் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"சார் என்னமோ பறையத்தான் வந்திய."

"ஒண்ணுமில்லை. கோவிலுக்கு வந்தேன். இனி எங்கே?"

"போனக்காட்டுக்குத்தான். மருத்துவச்சியா எடுக்கமாட்டாவளாம். தோட்டத்து டிஸ்பென்சரியில ஆயா வேலை இருக்காம். எனக்கு அது மதி, போரும்." பஸ் வந்தது. ஏறும்போது, "ஒங்க பேரன் நல்லா இருக்கானா சார்?" என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேரும் பாஸ். புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. தேதி மட்டும் மாறியது. சுசீலாபாயின் போதனாமுறையைப் பாராட்டி மேலேயிருந்து கடிதம் வந்தது. ரெக்கார்டுகள் நேர்த்தியாக இருப்பதாக எனக்கும் அதில் ஒரு வரி இருந்தது. வாலாம்பாள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாள். வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாள்.

பென்ஷன் வாங்கினேன். அப்புறமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. சுசீலாபாய் இருக்கிறாரே, அவருக்குக் கெட்ட பெயர் வருமே என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அவர் 1122 துலாமாசத்தில், இங்கிலீஷ் கணக்கில் 1946 கடைசியில், காலமானார். அதோடு என் காரணமும் போயிற்று. மகரமாசத்தில் வித்துராவுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து தோட்டத்து லாரியில் கெஞ்சி இடம் பிடித்துப் போனக்காடு போய்ச் சேர்ந்தேன். ராகேல் பஸ் ஏறிப் போய்ப் பத்தரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ராகேலைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள், "பேறு பாக்குற ராகேலக்காவா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். தோட்டத்தில் ஓடித் திரிகிற பிள்ளைகளில் பாதி அவள் எடுத்தவை. ஆனாலும் சம்பளம் ஆயா சம்பளம்தான். பிரசவத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் கம்பவுண்டர் வேலாயுதன். டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு அறையில் அவள் அப்பாவோடு இருந்தாள். யோசுவாவுக்குக் கண் இரண்டும் போயிருந்தது. அவள் தலையிலும் நரை.

"சாரா? இம்புட்டுத் தூரமா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

மத்தியான வேளை. கிழவர் முன்னால் கஞ்சியும் பயறும் வைத்தாள். அவர் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு, குரலெடுத்து ஜெபித்தார்: "கர்த்தாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். என் மகள் ராகேல் ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் எழுதின பொய்யை நீர் நினையாதேயும். அவளுடைய கையின் பிரயாசத்தைப் பார்த்து அவளை மன்னியும்."

"ஆமென்" என்றாள் ராகேல். உப்புப் போதுமா என்று கேட்பவள் குரலில் சொன்னாள்.

"தினமுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ரெண்டு நேரமும். மொதல்ல வழக்காடினேன் சார். பொறவு மடுத்து விட்டுட்டேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, கிழவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். சூரியன் உதிக்கிற கணக்கு, பன்னிரண்டு அடிக்கிற கணக்கு, என் பேரன், நான் எழுதின பிரதி, எல்லாம் சொன்னேன். ராகேல் எழுதினது அத்தனையும் சத்தியம், தப்பு என் பேனாவுடையது என்று சொன்னேன். சுசீலாபாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிழவர் கஞ்சியில் கை வைத்தபடியே இருந்தார். "மக்களே, கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அப்பா."

"நீ அன்னைக்கே பறஞ்சியே."

"எத்தனையோ பிராவசியம் பறஞ்சேன்."

அவர் வாய்விட்டு அழுதார். எழுபத்தைந்து வயசு மனுஷன் சின்னக் குழந்தை மாதிரி அழுதார். ராகேல் அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை அடங்கியதும் கிழவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சாரே, இது ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

ராகேல் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பழவங்காடியில் நான் வந்து நின்றது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஹாஸ்டலைக் காலி பண்ணுவதற்கு முன்பே தெரியும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தானே மலை ஏறி வந்தது!

"இப்போதான்" என்றேன். "பழைய காகிதமெல்லாம் பார்த்திண்டிருந்தபோது கண்ணில் பட்டுது. ஒரு மாசம் ஆறது. தெரிஞ்ச உடனே கிளம்பி வந்துட்டேன்."

கிழவர் தலையை ஆட்டினார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அப்படியே கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, இந்த வயசிலே இவரை மலை ஏற வைத்தீரே, ஸ்தோத்திரம். தெரிந்த உடனே ஓடி வந்து உண்மையைச் சொன்ன இந்த நேர்மையான மனுஷனை ஆசீர்வதியும். இவர் வீட்டையும் இவர் பேரனையும் ஆசீர்வதியும்."

ஜெபம் முடிந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு மகளின் குரலுக்காக அவர் காத்திருந்தார். ராகேல் என்னைப் பார்த்தபடியே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கிழவர் பிடித்த கையை விடாமல் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆமென் சொன்னேன்.